மிச்ச எண்ணெய்

1

இந்தக் கதை பொடுகிலிருந்து பிறந்தது. அருவி, சாரல், மலைமேல் இறங்கும் மேகம் என்று கௌரவமான இடத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. நடந்தது வேறு. ஒரு தோல் வைத்தியரின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அங்கே கிடந்த மருத்துவச் சஞ்சிகையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மனிதத் தோலில் குடியிருக்கும் ஒரு காளானுக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாதாம். நம் தோலில் ஊறும் எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டுதான் உயிர் வாழ்கிறதாம். பெருகிப்போனால் தலையில் பொடுகு, உடம்பில் தேமல்.

எனக்கு எங்கள் அய்யாவின் முதுகு ஞாபகம் வந்தது. என்னைப் பெற்ற அய்யா பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கியவர். முதுகு நிறையத் தேமல். அதை நாங்கள் தேமல் என்றுகூட நினைத்ததில்லை. முதுகு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

(இதே தேமல் பெண்ணின் மார்பில் இருந்தபோது பழைய பாட்டுக்காரர்கள் அதற்குச் சுணங்கு என்று பெயர் வைத்து, பொன் தூவியது போல் இருக்கிறது என்றார்கள். மூட்டை தூக்குகிறவன் முதுகைப் பற்றிப் பாட்டு ஏதும் இல்லை.)

ஆனால் அய்யாவை வைத்துக் கதை ஓடாது. மூட்டை தூக்குகிறவனின் முதுகை எவனும் பார்ப்பதில்லை. தேமல் ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டுமானால், அவன் உடம்பு நாலு பேர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கையை நம்பி நாலு பேர் உடம்பைக் கொடுக்க வேண்டும். அப்படி யோசித்துத்தான் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தேன், எண்ணெய் தேய்க்கிறவர்களிடம்.

முதல் வாக்கியத்துக்குப் பட்ட பாடு:

“சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில்…” வேண்டாம். சாரல் பூப்போல விழாது. ஈர வேட்டியோடு நாள் முழுக்க நிற்கிறவனைக் கேளுங்கள், ஊசி என்பான்.

“குத்தாலிங்கத்தின் விரல்கள் பேசும்” என்று ஒன்று. விரல் என்றைக்குப் பேசியது?

“1964ஆம் வருஷம், ஆனி மாதம், குத்தாலிங்கத்தின் முதுகை யாரும் தொடவில்லை.”

இது இருக்கட்டும்.

2

1964ஆம் வருஷம், ஆனி மாதம், குத்தாலிங்கத்தின் முதுகை யாரும் தொடவில்லை.

தொடாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பீர்கள். பேரருவிக்குப் போகிற வழியில், பாறைத் திட்டில், எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். (நான் சொல்கிற வரிசை நானாக உட்கார வைத்தது. அதன் வழக்கங்களும் என் கற்பனைதான். நாளைக்கு யாரும் போய் விசாரிக்க வேண்டாம்.) அந்த வரிசைக்கு இரண்டு வழக்கம் உண்டு.

சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் விழுகிற முதல் நாள், வெளியாள் எவரையும் தொடுவதற்கு முன்னால், தங்களுக்குள் எண்ணெய் வைத்துக்கொள்வார்கள். முன்னால் இருக்கிறவன் முதுகில் பின்னால் இருக்கிறவன் கை. அப்படி வரிசையின் கை படாத முதுகுக்காரன் அந்த சீசன் முழுக்க எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடக்கூடாது. ஆகஸ்டு முடிந்தால் சீசன் முடிந்தது. அதை விட்டவன் வருஷத்தை விட்டவன்.

அடுத்தது மிச்ச எண்ணெய். ஒருவருக்குத் தேய்த்துக் கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெய் மறுபடி பாட்டிலுக்குள் போகக்கூடாது. இன்னொருவர் உடம்பிலும் படக்கூடாது. பாறையில் கொட்டினால் வழுக்கும், எவன் மண்டையாவது உடையும். ஆகவே தேய்த்தவன் அதைத் தன் உடம்பிலேயே பூசிக்கொள்ள வேண்டும்.

குத்தாலிங்கத்துக்கு நாற்பது வயசு இருக்கும். அவன் தேய்த்தால் வலி எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. பெருவிரல் பிடரியில் இறங்கும், தோள்பட்டையில் ஒரு இடத்தில் நிற்கும், அங்கேயே நிற்கும், ஆள் “ஆங்” என்பார். மதுரை மில் முதலாளியும் தேங்காய் வெட்டுகிறவனும் அவன் கைக்கு அடியில் ஒரே மாதிரிதான் முனகுவார்கள். வந்தவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். ஆள் கூடக்கூட மிச்ச எண்ணெயும் கூடியது. அத்தனையும் அவன் முதுகிலும் மார்பிலும் ஏறியது.

மற்றவர்கள் சாயங்காலம் சீயக்காய் போட்டு அருவியில் முழுகிவிட்டுப் போவார்கள். அவன் மாட்டான்.

“எண்ணெ உடம்புக்குள்ள இறங்கணும்வே. தேச்ச கையோட கழுவுததுக்கா அவன் மாட்டைப் பூட்டிச் செக்கைச் சுத்துனான்?”

வருகிறவர்களிடம் சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொள்கிறவன் அவன். தன் சரக்கைத் தானே நம்புகிற வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அவன் மாட்டிக்கொண்டான்.

போன சீசன் முடிகையில் தோளில் நகம் அகலத்துக்கு ஒரு வெளுப்பு. சித்திரை வெயிலில் அது முதுகில் பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து, கழுத்துக்கு ஏறியது. கறுத்த உடம்பு. ஒளிக்க முடியாது.

“என்னய்யா, இப்பிடி வெளுத்துக்கிட்டு வருது?” என்றாள் மனைவி முத்துவடிவு.

“வறட்சி. எண்ணெ பத்தலை.”

அவளும் தினம் ஒரு கை நல்லெண்ணெய் எடுத்து அவன் முதுகில் அறைந்து தேய்த்தாள். நல்ல மனசோடுதான். காளானுக்குப் பந்தி விரித்தது போல ஆயிற்று.

3

முதல் நாள். வரிசையின் மேஸ்திரி வல்லிநாயகம் குத்தாலிங்கத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். துண்டை எடுத்ததும் முதுகு தெரிந்தது.

“ஏலே குத்தாலம், இது என்னது?”

“தேமல் அண்ணாச்சி.”

“தேமலு இப்பிடியா பரவும்? கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு.”

“வறட்சிதான். நல்லா அழுத்தித் தேயும், போயிரும்.”

வல்லிநாயகம் கிண்ணத்தில் கையை முக்கி எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்த எண்ணெயைத் தன் தொடையிலேயே தடவிக்கொண்டார்.

“ஆலங்குளத்துல ஒருத்தனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. பொறவு விரலு மடங்கிப்போச்சு.”

நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. வரிசையில் யாரும் சொல்லவில்லை. சொல்லாத பெயர் வரிசையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

“எனக்கு மடங்கலையே அண்ணாச்சி. பாரும்.” அவன் பத்து விரலையும் விரித்தான்.

“இன்னைக்கு மடங்கலைலே. வாரவன் உன் முதுகைத்தான் பாப்பான். உன்னைப் பாத்துட்டு எங்களைப் பாப்பான். பொறவு எவன் இங்கன உடம்பைக் காட்டுவான்?”

“சட்டை போட்டுக்கிடுதேன்.”

“சட்டை போட்டுக்கிட்டு எண்ணெ தேக்கவனை நீ எங்கயாவது பாத்திருக்கியா? என்னத்தை ஒளிக்கான்னு கேப்பான். போலே. சரியானா வா.”

[இந்த இடத்தில் வல்லிநாயகத்தை நான் முதல் படியில் ஒரு வில்லனாக எழுதியிருந்தேன். குத்தாலிங்கத்தின் கைராசியில் பொறாமை, மீசை, அது இது. திரும்ப வாசித்தபோது அசிங்கமாக இருந்தது. அவர் சொன்னது கணக்காகச் சரி. ஊர் தெரியாத ஆட்கள் வந்து வெற்று முதுகை நம்பிக் கொடுக்கிற தொழில். ஒரு சந்தேகம் வந்தால் வரிசை முழுக்கப் பட்டினி. மீசையை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டேன்.]

4

தென்காசியில் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு ரொட்டிக் கடையின் பின்சுவரோடு சுவராக, டாக்டர் விஜயத்தின் டிஸ்பென்சரி. சென்னையில் படித்துத் தோல் வியாதிப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தவள். முப்பத்தைந்து வயசுக்குள். ‘பொம்பளை டாக்டரிடம் சட்டையைக் கழற்றுவதா’ என்று ஆண்கள் வரமாட்டார்கள். குத்தாலிங்கம் வந்தான். சட்டையில்லாமலேயே வாழ்ந்தவனுக்கு அதில் கூச்சம் இல்லை.

“உக்காரும். திரும்பும்.”

அவள் பஞ்சைத் திரித்து வெளுப்பின் மேல் வைத்தாள். “தெரியுதா?”

“தெரியுது.”

குண்டூசி முனை. “இது?”

“அம்மா.”

“நல்லா கத்தும். கத்தினா நல்லது.” சூடான தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய், குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது இரண்டையும் முதுகில் மாற்றி மாற்றி வைத்தாள். அவன் ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. பிறகு நகத்தால் ஒரு கீறு. வெளுப்பிலிருந்து தவிடு போலச் செதில் உதிர்ந்தது. அதைக் கண்ணாடியில் ஏந்தி, காரத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

“உமக்குப் பெருவியாதி இல்லை. இருந்தா வெளுத்த இடம் மரத்துப் போயிருக்கும். இது காளான். தேமல்தான்.”

குத்தாலிங்கம் அழவில்லை. (அழவைத்துப் பார்த்தேன். அவனுக்குப் பொருந்தவில்லை.) அவன் கேட்டது: “நீங்க சொல்லுதிய. அவனுவ நம்பணுமே?”

“சர்டிபிகேட் எழுதித் தரேன்.”

“காயிதம் எதுக்கும்மா? எங்க வரிசையில காயிதம் வாசிக்கவன் ரெண்டு பேரு. அவனுவளும் என் முதுகைத்தான் வாசிப்பானுவ.”

கம்பவுண்டர் பிச்சுமணி சிரித்துவிட்டான். விஜயம் சிரிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். “இங்கன வந்து பாரும்.”

குத்தாலிங்கம் கண்ணை வைத்து அழுத்தினான். “கறுப்பா மயிரு மாதிரி தெரியுதும்மா.”

“அது உம்ம இமை. கண்ணைக் கொஞ்சம் எடும்.”

எடுத்தான். கொத்துக் கொத்தாக உருண்டைகள். ஊடே ஊடே உடைத்துப் போட்ட சேமியா போலத் துண்டுகள். உளுந்தையும் சேமியாவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிய மாதிரி.

“இதுக்கு உசிரு உண்டா?”

“உண்டு.”

“அப்போ வளரும்லா? கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஒண்ணை வளத்துக் குடுங்க. நான் கொண்டுபோய்க் காட்டுதேன். வரிசையை இங்கன தூக்கிட்டு வந்து ஒத்தைக் கண்ணால பாக்கச் சொல்ல முடியுமா?”

விஜயம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நோயாளிகள் அவளிடம் மருந்து கேட்பார்கள், ஊசி கேட்பார்கள். நோயை வளர்த்துக் கொடுக்கச் சொன்னவன் இவன்தான்.

5

வளரவில்லை.

அவள் கடற்பாசியைக் காய்ச்சி, சென்னையிலிருந்து கொண்டுவந்த சத்துப் பொடியும் சர்க்கரையும் கலந்து, ஆவியில் அவித்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி ஆறவைத்தாள். வேறு கிருமி வராமலிருக்க ஒரு மருந்துக் குப்பியை உடைத்துக் கலந்தாள். செதிலைத் தூவினாள். சாரல் காலத்துக் குளிரில் வளராதென்று, ரொட்டிக் கடை அடுப்பின் சூடு ஏறும் பின்சுவரோரம் தட்டுகளை அடுக்கினாள். சுவர் கதகதவென்று உடம்புச் சூட்டில் இருந்தது. தட்டுகள் மட்டும் துடைத்த பலகை போலக் கிடந்தன.

“எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன் பாருங்க” என்றான் பிச்சுமணி. சுத்தத்தில்தான் கோளாறு என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

[முதல் படியில் இங்கே ஒரு விபத்து வைத்திருந்தேன். குத்தாலிங்கம் தட்டைக் குனிந்து பார்க்கிறான், அவன் தலையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுகிறது, மறுநாள் அந்த இடத்தில் மட்டும் காளான் பூத்திருக்கிறது. வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் ராத்திரி பகல் படித்தவளின் உழைப்பை ஒரு சொட்டு எண்ணெய்க்குத் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்? உழைத்தவர் கூலியை வேறு எவனோ வாங்கிக்கொண்டு போவதை நிறையப் பார்த்தாயிற்று. அடித்துவிட்டேன்.]

நடந்தது இது. விஜயம் தன்னுடன் படித்த தோழிக்கு எழுதிக் கேட்டு, வெளிநாட்டுச் சஞ்சிகைகளை வரவழைத்தாள். ரொட்டிக் கடையின் மாவு வாசனைக்கு நடுவே வரிவரியாகப் படித்தாள். இந்த ஜாதிக் காளான், கொழுப்பு அமிலம் சேர்க்காத சத்தில் வளராது. ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றி வளர்க்கிறார்கள்.

படித்ததும் அவள் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். எண்ணெய் தேய்க்கிறவன் உடம்பில் வளர்வதை எண்ணெயே இல்லாத தட்டில் தேடியிருக்கிறாள்.

“பிச்சுமணி, மருந்துக் கடையில ஆலிவ் ஆயில் கிடைக்குமா பாரும்.”

போய்ப் பார்த்து வந்தான். “காதுக்கு விடுத சின்னப் பாட்டில் ஒண்ணு இருக்கு. மூடியைத் திறந்தா சிக்கு நாத்தம் ஆளைத் தள்ளுது.”

அன்றைக்குக் குத்தாலிங்கம் வந்திருந்தான். பெட்டியும் பாட்டிலும் கையோடு இருந்தன. வேலை இல்லாவிட்டாலும் அதைச் சுமக்காமல் அவனுக்கு நடக்கத் தெரியாது. விஜயம் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். நல்லெண்ணெயிலும் அதே கொழுப்பு அமிலங்கள் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

“குத்தாலிங்கம், கொஞ்சம் எண்ணெய் தாரும்.”

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. யாருக்குத் தேக்கணும்?”

“உம்ம தேமலுக்கு.”

ஒரு வாரம் கழித்து, எண்ணெய்ப் படலத்துக்கு அடியில், பாலாடை நிறத்தில் புள்ளிகள் எழும்பியிருந்தன. உப்பி, வழவழவென்று, வெண்ணெய்த் துளிகள் போல. எண்ணெய் ஊற்றாத தட்டு பக்கத்திலேயே மொட்டையாகக் கிடந்தது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி இந்தக் காளானைப் பார்க்க வேண்டும். எனக்கு இதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

உயிருள்ள எதுவும் தன்னைச் சுற்றி ஒரு சவ்வுச் சுவர் கட்டியாக வேண்டும். அந்தச் சுவருக்குச் செங்கல் கொழுப்பு அமிலம். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் அந்தச் செங்கலைச் சர்க்கரையிலிருந்து தானே அறுத்துக்கொள்ளும். நாமும் அறுத்துக்கொள்வோம். இதனிடம் சூளை கிடையாது. எப்போதோ கலைத்துப் போட்டுவிட்டது. எண்ணெய் ஊறும் தோலில் குடியிருக்கிறவனுக்குச் சூளை எதற்கு?

எண்ணெய் என்பது மூன்று நீளச் சங்கிலிகளை ஒரு கொக்கியில் மாட்டியது. காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஒரு நொதியை வெளியே கசியவிடுகிறது. அது போய்க் கொக்கியை அறுக்கிறது. கழன்று விழும் சங்கிலிகளில் நேரானதை, விறைப்பானதை உள்ளே இழுத்துச் சுவரில் வைத்துக் கட்டுகிறது. வளைந்ததைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறது. அந்த மிச்சம்தான் தலையில் அரிப்பாகவும் பொடுகாகவும் ஆகிறது. அந்த மிச்சத்திலிருந்து பிறக்கும் ஒரு அமிலம் தோலில் கறுப்பு உண்டாவதைத் தடுக்கிறது, தேமலின் வெளுப்பு அதனால்தான் என்றும் பிற்பாடு சொன்னார்கள். முழுக்க ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இதே கொழுப்பு அமிலக் குடும்பத்தில், சங்கிலி குட்டையானவை பல காளான்களுக்கு ஆகாது. ஆமணக்கெண்ணெயைச் சுட்டுப் பிரித்தெடுக்கும் ஒன்றைப் படர்தாமரைக்குக் களிம்பாகவே போடுகிறார்கள். நீளமானது சோறு, குட்டையானது மருந்து. ஒரே வீட்டுப் பிள்ளைகள்.)

விஜயத்துக்கு 1964இல் இதில் பாதி தெரியாது. சூளை இல்லை என்பது வரைக்கும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு ரொட்டிக் கடைச் சுவரில் அதை வளர்த்துக் காட்டினாள். நிலமும் இல்லாமல், சூளையும் இல்லாமல், அடுத்தவன் உடம்பில் ஊறுவதை வைத்தே பிழைக்கிற அந்தக் காளானைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? “ஆகா, இது நம் எண்ணெய் தேய்க்கிறவர்களின்” — இல்லை, அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. மனிதனைக் காளானோடு ஒப்பிட நான் இங்கே வரவில்லை.

6

குத்தாலிங்கம் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“இதுவாம்மா என் முதுகுல இருக்கு?”

“இதுதான்.”

“எண்ணெ ஊத்தாத தட்டுல?”

“ஒண்ணும் வரலை.”

அவன் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது. “அப்போ நான் தேச்சதெல்லாம்… முத்துவடிவு தேச்சதெல்லாம்…”

“அதுக்குச் சாப்பாடு.”

“மிச்ச எண்ணெ?”

“அதுவும்.”

அவன் தட்டுகளைக் கீழே வைத்தான். பிறகு பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “ஊருக்கெல்லாம் இதுதான் மருந்துன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றான்.

“ஊருக்கு மருந்துதான். தேச்சுட்டு அருவியில நின்னு கழுவிட்டுப் போறாங்க. நீர்தான் கழுவலை.”

மருந்து வித்தியாசமானது. போட்டோ கழுவ உபயோகிக்கும் ஹைப்போ உப்பு. தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். தென்காசியில் அது போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த துல்கர்னைனிடம்தான் கிடைத்தது. அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, கேமரா வாங்கியாச்சா?”

“முதுகைக் கழுவணும் பாய்.”

“நெகட்டிவா, பாசிட்டிவா?”

“கறுப்புல வெள்ளை விழுந்திருக்கு. என்னன்னு நீரே சொல்லும்.”

“நெகட்டிவ்தான். நல்லா ஊறவிடும்.”

பூசினான். தினமும் சோப்புப் போட்டுக் குளித்தான். செதில் நின்றது. விஜயம் சுரண்டிப் பார்த்தாள், உளுந்தும் இல்லை, சேமியாவும் இல்லை. ஆனால் வெளுப்பு அப்படியே இருந்தது.

“காளான் செத்துப்போச்சு. கறுப்பு திரும்பி வரணும்னா வெயில் படணும், மாசக்கணக்கா ஆகும்.”

“சீசன் முடிஞ்சிரும்.”

“முடிஞ்சிரும்தான்.”

நோய் போய்விட்டது. நோயின் அடையாளம் போகவில்லை. வரிசைக்கு வேண்டியது அடையாளம் போவது. இதை நான் வேண்டுமென்று முறுக்கவில்லை, தேமலின் சுபாவமே அப்படி.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். அவனுவ சேத்துக்கிட்டா, முதுகுல ஒரு கை எண்ணெ வைப்பானுவ. வச்சாத்தான் சேத்தி. வைக்கலாமா?”

விஜயம் யோசித்தாள். “ஒரு கை எண்ணெயால ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் கழுவிரும். மிச்ச எண்ணெய் மட்டும் ஒருநாளும் வேண்டாம்.” பிறகு அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு தட்டை எடுத்தாள். “இதையும் கொண்டுபோம். இது பிச்சுமணி தலையில சுரண்டினது. இது என் தலையில சுரண்டினது.”

இரண்டிலும் பாலாடைப் புள்ளிகள் இருந்தன.

7

குற்றாலம் பஸ்ஸில் மூன்று தட்டையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பாறைத் திட்டில் கொண்டுபோய் வைத்துத் துண்டை விரித்தான். வரிசை கூடியது.

“என்னலே இது, தயிராடையா?” என்றார் வல்லிநாயகம்.

“என் தேமலு அண்ணாச்சி. எண்ணெ குடிச்சு வளருத காளான். அந்த வியாதி இது இல்லை. டாக்டரம்மா ஊசியால குத்திப் பாத்துட்டாவ, சூடு வச்சுப் பாத்துட்டாவ. எல்லாம் தெரியுது எனக்கு.”

“அது யாருது?”

“கம்பவுண்டர் தலையில உள்ளது.”

“அது?”

“டாக்டரம்மா தலையில உள்ளது.”

ஒருவன் களுக்கென்று சிரித்தான். “டாக்டருக்கே பொடுகா?”

“எல்லார் உடம்புலயும் உண்டாம். உம்ம தலையிலயும் இருக்கு அண்ணாச்சி. பெருகாம கெடக்கு, அவ்வளவுதான். நான் மிச்ச எண்ணெயைக் கழுவாம வச்சு வளத்துட்டேன்.”

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவனும் தன்னை அறியாமல் கையைத் தலைக்குக் கொண்டுபோய்ப் பாதியில் இறக்கினான்.

குத்தாலிங்கம் சட்டையைக் கழற்றினான். வரிசையில் தன் பழைய இடத்தில், வல்லிநாயகத்துக்கு முன்னால், அருவியைப் பார்க்க உட்கார்ந்தான். சூடாக்கிய எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

8

இங்கே ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முதலாவதில் விஜயம் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குகிறாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எண்ணெயில் கையை முக்கி அவன் முதுகில் வைக்கிறாள், வரிசை வாயடைத்துப் போகிறது. எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனாலேயே கிழித்தேன். டாக்டரின் கை வரிசையின் கை ஆகாது. அவனுக்கு வேண்டியது அவளுடைய கருணை இல்லை, தன் இடம்.

இரண்டாவதில் வல்லிநாயகம் வேட்டியைக் கொஞ்சம் இறக்கி, இடுப்பில் தானும் ஒளித்து வைத்திருந்த தேமலைக் காட்டுகிறார். அவரிடம் அது இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எண்ணெயில் புழங்குகிறவர். ஆனால் காட்டுவாரா? இத்தனை பேர் பிழைப்பைத் தோளில் சுமக்கிறவர், ஒரு முதுகால் வந்த பயத்துக்கு இன்னொரு இடுப்பையும் சேர்ப்பாரா? அவர் நல்லவராக இருந்தாலும் காட்டமாட்டார். நல்லவராக இருப்பதாலேயே காட்டாமல் போகலாம்.

மூன்றாவது சுருக்கமானது. யாரும் தொடவில்லை. குத்தாலிங்கம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனான். அருவிக்கரையில் யாரும் தொடாத முதுகில் வெங்காய மூட்டை தயங்காமல் ஏறி உட்கார்ந்தது. எங்கள் அய்யா மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வெயில் பட்டு அவன் நிறம் திரும்பி வந்தது. அந்தக் கைகள் பிறகு மூட்டையைத் தவிர எதையும் தொடவில்லை.

உலகம் ஓடுகிற ஓட்டத்துக்கு மூன்றாவதுதான் பொருத்தம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் வலி இருக்கிற இடத்தில் தானாக நிற்கத் தெரிந்த அந்தப் பெருவிரலை வெங்காயச் சாக்கில் கோத்துவிட எனக்கு மனசு வரவில்லை. அதற்காக வல்லிநாயகத்தின் கையைப் பிடித்து நானே கிண்ணத்தில் முக்குவதும் முடியாது. அவர் கை அவருடையது.

அதனால் அவனை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். சாரல் விழுகிறது. வெளுப்பும் கறுப்புமான முதுகில் தண்ணீர் ஓடுகிறது. காளான் செத்த முதுகு, பார்த்தால் தெரியாது. பின்னால் கிண்ணம். அதற்குப் பின்னால் வல்லிநாயகம் உட்கார்ந்திருந்த இடம். கொஞ்சம் தள்ளி நகர்ந்திருக்கிறார், இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. மூன்று தட்டும் பாறையில் இருக்கின்றன, நாலாவது தட்டுக்கு இடம் உண்டு.

இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் கையில் ஒரு விரலைத் தூக்கி உங்கள் தலையை மெல்லச் சுரண்டுங்கள். நகத்தைப் பாருங்கள். உங்களிடமும் இருக்கிறது. அதே ஜாதிதான், அதே பசிதான்.

எண்ணெய் இன்னும் சூடு ஆறவில்லை. அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.